வெட்டிய பாட்டை வீடு சேர்த்தவருக்கு

முப்பத்திரண்டு ஆண்டுகள் திரைப்படக் காப்பகத்தின் இணைப்பு மேசையில் அமர்ந்து, அறுந்த படச்சுருளையும் அதைப் பிரிந்த ஓசையையும் ஒன்றுசேர்த்த எங்கள் அக்காவுக்கு, பணி நிறைவுறும் இந்நாளில் உடன் உழைத்தோரின் வணக்கம்.

பாட்டுப் படங்களைப் பொழுதுபோக்கென்று புறந்தள்ளியோர் நடுவே, அவற்றை வரலாறாக வாசித்தவர் தாங்கள். நடிப்பவரே பாடியாக வேண்டிய தொடக்க நாளில், வாத்தியக்காரர்கள் அட்டை மரத்தின் பின்னே ஒளிந்து வாசித்ததை, ஒரு நடிகையின் பார்வை போன திசையைக் கொண்டே காட்டினீர்கள். குரல் ஒருவருடையது, வாயசைவு இன்னொருவருடையது என்றான பிறகுதான், மைக்கருகிலேயே நின்றாக வேண்டிய கால்களுக்கு விடுதலை கிடைத்தது என்பீர்கள். "மொதல்ல சத்தத்தை நிறுத்திட்டுக் காலைப் பாருங்க. முன்வரிசை முகத்தை எல்லாரும் பாப்பாங்க, பின்வரிசைக் காலை யார் பாக்கிறது?" என்று புதிதாய்ச் சேர்ந்த எங்களுக்குச் சொல்லித்தந்தீர்கள்.

காட்சி நேரத்தைக் குறைக்க அரங்குக்காரர்கள் முதலில் கத்தரித்தது பாட்டைத்தான். அப்படி வெட்டுண்டு, பெயரின்றித் தகரப் பெட்டிகளில் கிடந்த நாற்பத்தொரு பாடல்களை அவற்றின் படங்களில் சேர்த்தீர்கள். அவற்றுள் ஒன்று மட்டும் தவறான படத்தில் சேர்ந்தது.

ஒரே படிக்கட்டையும் ஒரே உடைகளையும் இரண்டு படங்களுக்குப் பயன்படுத்தியிருந்தது அந்த ஸ்டூடியோ. நிறைந்த அரங்கில் திரையிட்டபோது, அந்நாளில் குழுநடனம் ஆடிய ஒருவர் எழுந்து தங்களைப் பார்த்து, "ஏம்மா, மூணாவது வரிசையில ஆடுறது நான். ஆனா நான் இந்தப் படத்துல நடிக்கவே இல்லையே" என்றார்.

அதற்குள் அந்தப் படத்தை மீட்டதற்காகக் காப்பகத்துக்கு விருது வந்துவிட்டது; விளக்கப் புத்தகமும் அச்சாகிவிட்டது. "வயசானவங்க, மறதியில சொல்றாங்கன்னு விட்டுடுங்க. அடுத்த தலைமை நீங்கதான், கெடுத்துக்காதீங்க" என்றார் காப்பக இயக்குநர். "அவங்க ஆடின பாட்டு சார். அவங்களை விட எனக்கா தெரியும்?" என்ற தாங்கள், பிழை தங்களுடையது என்று எழுதிக் கொடுத்தீர்கள். தலைமைப் பதவி வேறொருவருக்குப் போயிற்று. ஏழு மாதம் கழித்து அந்தப் பாட்டு தன் படத்துக்குத் திரும்பியது. முதல் காட்சிக்கு அந்த நடனக்காரரைத் தாங்களே கைபிடித்து அழைத்து வந்தீர்கள்.

பாராட்டு மடலில் யாரும் எழுதாததை இங்கே எழுதுகிறோம். அந்த இணைப்பைச் சரிபார்த்தவர்கள் நாங்கள். உடை ஒன்றுதான், படிக்கட்டு ஒன்றுதான் என்று ஒப்பியவர்களும் நாங்களே. பிழை எப்படி நேர்ந்தது என்று இயக்குநர் விசாரித்த நாளில் எங்களில் எவரும் வாய் திறக்கவில்லை. தாங்களும் எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை; மறுநாள் காலை, "டீ சொல்லியாச்சா?" என்று கேட்டபடி உள்ளே வந்தீர்கள்.

உடல் நலமும் உள்ள நிறைவும் குன்றாத நெடுவாழ்வு தங்களுக்கு வாய்க்கட்டும் என்று வாழ்த்தும் இம்மடலோடு, தாங்கள் அன்று எழுதிக் கொடுத்த பிழை அறிக்கையின் நகலொன்றையும் வைக்கிறோம். மூல அறிக்கையில், தங்கள் பெயருக்குக் கீழே, இன்று காலை நாங்கள் ஐவரும் கையெழுத்திட்டுக் கோப்பில் சேர்த்துவிட்டோம்.

இங்ஙனம்,
அந்தப் பாட்டைச் சரிபார்த்த ஐவரும்
காப்பகப் பணியாளர் அனைவரும்