பம்புக்குள் இருக்கும் துணி

யுத்த காலம். செந்துறையிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். டிரைவர் தன் பக்கத்திலிருந்த பெரியவரிடம் சொன்னார்:

“வண்டி நல்லா ஓடுறதுதாங்க மனசைக் குத்துது.”

“ஏம்ப்பா?”

“போன மாசம் எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏத்துற பம்போட சவ்வு கிழிஞ்சு வழியில நின்னுட்டேன். பட்டாளத்துக்குப் போற மவனை அரியலூர் டேசன்ல பாக்க ஒரு அம்மா அந்த வண்டியில வந்தாங்க. மழைக்குப் போத்திக்க அவனுக்குப் புது மெழுகுத்துணி வச்சிருந்தாங்க. அதுல உள்ளங்கை அகலம் வெட்டிச் சவ்வாப் போட்டிருந்தா வண்டி போயிருக்கும். புதுசாச்சேன்னு நான் கேக்கல.”

“அப்புறம்?”

“வேற சவ்வு வர்றதுக்குள்ள ரயில் போயிடுச்சு. ‘கேட்டிருந்தா குடுத்திருப்பேனே’ன்னு துணியை என்கிட்டயே குடுத்துட்டுத் திரும்பிட்டாங்க.”

டிரைவர் கியரை மாற்றினார்.

“அந்தச் சவ்வும் முந்தாநாள் கிழிஞ்சிடுச்சு. இப்ப பம்புல கெடக்குறது அவங்க துணிதாங்க.”