கடைசி வண்டி பேச வழி விடுங்கள்

பேச வேண்டிய நேரத்தில் பேசவும், வேண்டாத நேரத்தில் எங்கள் வாயை அடைக்கவும் வல்ல சங்கத் தலைவி அவர்களே! பள்ளத்தில் வண்டியை இறக்கிவிட்டுப் பழியை டயரின் மேல் போடும் பண்பு மிக்க பெரியோர்களே! அந்தப் பெரியோர்கள் வீடு திரும்பும் வரை வாசலையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்க்கும் தாய்மார்களே! சேறும் சகதியுமே சொர்க்கம் என்று சுற்றித் திரியும் சகோதர சகோதரிகளே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

இன்று மன்றத்தின் முன் இருப்பது ஒரே தீர்மானம். வண்டியில் வயர்லெஸ் ரேடியோ வைத்திருப்பவர் எவராயினும் தேர்வு எழுதி லைசன்ஸ் பெற வேண்டும்; பெறாதவர் வண்டி காடு மேடு சுற்றும் நம் ஜீப் அணிவகுப்பில் வரக் கூடாது. அதற்குத்தான் எத்தனை முணுமுணுப்பு! "பட்டனை அமுக்கிப் பேசறதுக்கு எதுக்குங்க பரீட்சை?" என்கிறார்கள். கேட்கிறேன், காற்று என்ன நம் வீட்டுக் கொல்லையா? அந்தக் காற்றில்தானே ஆம்புலன்ஸ் பேசுகிறது? அந்தக் காற்றில்தானே தீயணைப்பு வண்டி பேசுகிறது? எந்தச் சேனல் நமக்கு, எந்தச் சேனல் அவர்களுக்கு என்று அறியாதவன் கையில் கருவி எதற்கு?

என்ன ஐயா, "இந்த வயசுலயா பரீட்சை?" என்கிறீர்களா? வழுக்குப் பாறையில் வண்டி ஏற்றும்போது நடுங்காத கை, பேனா பிடிக்கும்போது மட்டும் நடுங்குமா?

சென்ற மழைக்காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எல்லா வண்டிகளும் ஆற்றைக் கடந்து மேட்டில் ஏறி மறைந்துவிட்டன. வாலில் வந்தது என் வண்டி. பக்கத்தில் என் தங்கை கணவர், என் மாப்பிள்ளை. முன்னால் போகிற அத்தனை பேரையும் கடைசி வண்டி பார்த்துக்கொள்ளும். கடைசி வண்டியை யார் பார்ப்பது? நடு ஆற்றில் அடிமணல் சரிந்தது. அவர் பக்கமாக வண்டி சாய்ந்தது. இருக்கைக்கும் நசுங்கிய கதவுக்கும் நடுவே அவர் கால் மாட்டிக்கொண்டது. தண்ணீர் உள்ளே வந்தது.

மைக்கை எடுத்தேன். "கடைசி வண்டி பேசறேன், ஆத்துல சாஞ்சிட்டோம்!" என்று கத்தினேன். பட்டனை விட்டேன். பதில் வந்ததா? வந்தது ஒரு பெண் குரல்: "ஹால் கர்ட்டன் பச்சைன்னு சொன்னேனா இல்லையா? உங்க அக்கா பேச்சைக் கேட்டு நீலத்தை வாங்கிட்டு வந்து நிக்கிறீங்க!"

சிரிக்கிறீர்கள், யார் என்று உங்களுக்கே தெரியும். நம் பல் டாக்டரின் மைக் நழுவித் தொடைக்கடியில் போய்விட்டது. பட்டன் மேலேயே உட்கார்ந்திருந்தார் மனிதர்! ஒருவர் பட்டன் அமுங்கியிருக்கும் வரை அடுத்தவர் குரல் எழும்பாதே! சேனல் முழுக்க அவர் வீட்டுச் சண்டை. தலையைக் குனியாதீர்கள் டாக்டர், உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை.

தண்ணீர் இடுப்புக்கு வந்தது. சண்டை அக்காவிடமிருந்து மாமியாருக்குத் தாவியது. தண்ணீர் மார்புக்கு வந்தது. மாப்பிள்ளை என்னைப் பார்த்து, "மச்சான், அந்தம்மா சொல்றதுலயும் நியாயம் இருக்கு" என்றார். அந்த நிலையிலும் சிரித்தோம். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், அவகிட்ட..." என்று தொடங்கினார். அவள் என் தங்கை. அந்தப் பேச்சை முடிக்க நான் விடவில்லை. எனக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

டாக்டர் வண்டி எங்கோ கல்லில் குதிக்க, மைக் கீழே விழுந்தது, சேனல் திறந்தது. "தண்ணி! தண்ணி!" என்று கதறினேன். கேட்டார்களா? சிரிப்பை அடக்கி வைத்திருந்த அத்தனை பேரும் அதே நொடியில் பட்டனை அமுக்கினார்கள்! "டாக்டர், பச்சையா நீலமா?" என்று கேலி செய்ய ஆளுக்கு ஆள் போட்டி. ஒருவர் பேச்சை ஒருவர் மிதிக்க, மிஞ்சியது வெறும் கீச்சொலி. ஆறு எங்களை மெல்ல மெல்ல முழுங்கியது, அன்பர்களே. நம் கும்மாளம் அதற்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அப்போது கேட்டது ஒரு குரல். "எல்லாரும் பட்டனை விடுங்க! யாரோ தண்ணின்னு சொன்னாங்க. கடைசி வண்டி மட்டும் பேசட்டும். ஓவர்."

யார் அது? நம்மில் முதன்முதலாகத் தேர்வு எழுதி லைசன்ஸ் வாங்கியவர். சாப்பிடக் கூப்பிடும்போதுகூட வீட்டுக்காரரிடம் "ஓவர்" சொல்கிறார் என்று நாம் கேலி செய்த ஓவர் அக்கா. இதோ, தலைமை நாற்காலியில் அமர்ந்திருக்கிறாரே, அவர்தான்! அவர் சொன்னதும் சேனல் அடங்கியது. அந்த அமைதியில் என் குரல் மேடேறியது. கயிறு வந்தது, கடப்பாரை வந்தது, கதவு பெயர்ந்தது. தண்ணீர் அப்போது மாப்பிள்ளையின் தாடையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அந்தத் தேர்வு என்ன கற்றுத் தருகிறது? முதலில் கேள், பிறகு பேசு. சுருக்கமாகப் பேசு, முடித்ததும் "ஓவர்" சொல். ஒருவர் முடித்ததும் உடனே பாயாதே; ஒரு மூச்சு விட்டுப் பேசு, ஆபத்தில் இருப்பவன் அந்த இடைவெளியில் நுழைவான். அந்த ஒரு மூச்சு இடைவெளியில்தான் என் தங்கையின் வாழ்க்கை இன்று நின்றுகொண்டிருக்கிறது. இதற்கா பரீட்சை வேண்டாம் என்கிறீர்கள்? இதற்கா முணுமுணுக்கிறீர்கள்?

நேரம் தந்த தலைவிக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், பெருந்தன்மையோடு சிரித்த டாக்டர் வீட்டு அம்மாவுக்கும் என் நன்றி. இனி நான் பட்டனை விடுகிறேன். யாரும் கை தட்ட வேண்டாம். ஒரு மூச்சு பொறுங்கள். கடைசி வரிசை, கேட்டுச்சா? ஓவர்.

திரும்பிப் பாருங்கள். ஊன்றுகோலைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுகிறாரே, அவர்தான் என் மாப்பிள்ளை. தீர்மானத்துக்கு முதல் ஓட்டு விழுந்துவிட்டது. வணக்கம்!