மல்பெரி மரத்தை வெட்ட வேணும்

— "சின்னவன் பேசறேன், வயசு இருபத்திரெண்டு, வேலை செய்யற தோட்டத்து ஷெட்டுல இருக்கேன்." இதானேடா அனுப்புன? கூடப்பிறந்த அக்காகிட்ட எதுக்குடா வயசு?

— நான் சொல்லச் சொல்ல போன் எழுதுதுன்னாலே பதட்டத்துல எல்லாம் வந்துடுதுக்கா. அதை விடு. மரத்தை ஏன் வெட்டுன?

— அடுத்த வரியைக் கேளு. "போட்டோ பார்த்தேன். அம்மா ஜன்னல்கிட்ட இருக்கிற மல்பெரியில கம்பளிப்புழு வலை பின்னியிருக்கு. மரத்தை வெட்ட வேணும்."

— வேணாம்! வெட்ட வேணாம்னு சொன்னேன். பாழாப்போன போன் "வேணும்"னு எழுதிடுச்சு.

— போன் மேல போடு பழியை. அங்க உக்காந்து அதிகாரம் பண்ணத் தெரியுதில்ல? அனுப்பறதுக்கு முன்னாடி படிச்சா என்ன, கண்ணு அவிஞ்சா போச்சு?

— கையெல்லாம் மண்ணுக்கா. சரி, அதுக்கும் அடுத்த வரி? வெயில் ஏறறதுக்குள்ள, புழு வலைக்குள்ள இருக்கும்போதே குச்சியில சுருட்டி எடுத்து சோப்புத்தண்ணியில முக்குன்னு சொன்னேனே. வெட்டிச் சாய்ச்ச மரத்துல எதைச் சுருட்டறது?

— புரிஞ்சுதான்டா வெட்டுனேன். இப்ப என்ன?

— அக்கா!

— கத்தாத. மரம் நிக்கிற வரைக்கும் இந்த வீட்டை விட்டு நகர மாட்டேன்னு அம்மா ஒரே அடம். பாத்ரூம்ல வழுக்கி விழுந்தா அரக்கப்பரக்க ஓடி வர்றது யாரு? தொரையா? இப்ப எங்கூட வர ஒத்துக்கிட்டாங்க. பெட்டி கட்டியாச்சு.

— மரத்தை வெட்ட எப்படி ஒத்துக்கிட்டாங்க?

— நீ அனுப்புனதைப் படிச்சுக் காட்டுனேன். அந்த ஒரு வரியை மட்டும். நான் சொல்லியிருந்தா தெருவே கூடியிருக்கும். செல்லப்பிள்ளை சொன்னா வேதவாக்காச்சே!

— அதுக்குத்தானா வாய்ஸ் அனுப்பாத, எழுத்தா அனுப்புன்னு சொன்ன? அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதுங்கற தைரியம்!

— ஆமாடா. போய்ச் சொல்லு உங்கம்மாகிட்ட.

— சொல்ல வேண்டியதில்ல. அவங்களையும் இந்தப் போன் கால்லயே சேர்த்திருக்கேன். அம்மா, கேட்டீங்களா?

— கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். ஒருத்தன் வேணாங்கறான், ஒருத்தி வேணுங்கறா. என் மரம்டா அது. பெரியவளே, பெட்டியைப் பிரி. சின்னவனே, நீயும் ரொம்பத் துள்ளாத. இனிமே யாரும் எனக்கு எழுதவும் வேணாம், படிச்சுக் காட்டவும் வேணாம். என்னைக் கேளுங்க.