நான்காம் தளம், கதவு திறக்கிறது

தேநீர் எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா. சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்கும், என் கை அப்படி.

என் முகத்தை இன்றுதான் பார்க்கிறீர்கள், ஆனால் என் குரலை உங்களுக்குப் பல வருடமாகத் தெரியும். "உங்கள் ரகசிய எண்ணை யாரிடமும் பகிராதீர்கள்" என்று போனில் வருமே, அது நான்தான். லிஃப்டில் தளம் சொல்வதும், பெரிய கடையில் தொலைந்துபோன குழந்தையின் சட்டை நிறத்தை அறிவிப்பதும் நான்தான். பேசியே வயிறு வளர்த்தவள் என்று என் மாமியார் சொல்வார். பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

போன வருடம் ஓர் இணைய உலகத்தை நடத்துகிறவர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். கண்ணாடி ஒன்றைத் தலையில் மாட்டிக்கொண்டால் எதிரே ஓர் ஊரே விரியும். தெரு, குளம், ஆடுவதற்கு மேடை எல்லாம் உண்டு. மனிதர்கள் அங்கே கரடியாக, கொக்காக உலாத்துவார்கள், ஒருவர் மர அலமாரியாகக்கூட வருவார். அந்த ஊருக்குள் நுழைகிறவர்களுக்கு நான் எச்சரிக்கை சொல்ல வேண்டும். உண்மைப் பெயரைச் சொல்லாதீர்கள், வீட்டு அடையாளத்தைச் சொல்லாதீர்கள், பரிசு என்று வரும் இணைப்பைத் தொடாதீர்கள். பன்னிரண்டு வரிகள். ஒரே பதிவில் முடித்துக் கொடுத்தேன்.

ஆசை யாரை விட்டது. நானும் ஒரு வாத்தாக மாறி உள்ளே போனேன். வணக்கம் என்று வாயைத் திறந்ததுதான் தாமதம், ஊரே கூடிவிட்டது.

"அந்த எச்சரிக்கை அக்கா நீங்கதானே? ஐயோ, இன்னொரு தடவ பேசுங்கக்கா."

எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் நான் பேச ஆரம்பித்தால் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள். இங்கே கரடிகள் வரிசையில் நின்றன. ஒரு கொக்கு தன் பாஸ்வேர்டைச் சொல்லிக் காட்டி, இது போதுமான பலமா அக்கா என்று கேட்டது. அலமாரி தன் உண்மைப் பெயரையும், மனைவியிடம் மறைத்த கடனையும் சொல்லி அழுதது. யாரிடமும் சொல்லாதீர்கள் என்று சொன்னவளிடமே எல்லாரும் கொண்டுவந்து கொட்டினார்கள். நான் யாருடைய காசையும் தொடவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

முயல்குட்டி மட்டும்தான் ஒழுங்கான பிள்ளை. ஒரு காது மடிந்த வெள்ளை முயல். மூன்று மாதம் பழகியும் பெயர், ஊர், வேலை எதுவும் சொல்லவில்லை. புருஷன் கையை முறித்ததால் வீட்டை விட்டு வந்துவிட்டதாக மட்டும் சொன்னாள்.

"அவரு கண்ணுல படாம இருந்தா போதும்க்கா. உங்க பன்னிரண்டு வரியையும் எழுதி சுவத்துல ஒட்டியிருக்கேன்."

எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று உங்களுக்குப் புரியாது.

ஒரு மத்தியானம் அவள் பேசிக்கொண்டிருக்கும்போது மைக் வழியாகத் தையல் மெஷின் சத்தம் வந்தது. அதற்கும் பின்னால், தூரத்தில், ஒரு பெண் குரல். "நான்காம் தளம். கதவு திறக்கிறது." ஐயா, அது நான். அதுவும் ஜலதோஷத்தோடு பேசிய நான். மூக்கடைப்போடு நான் ஒரே ஒரு கட்டடத்துக்குத்தான் பதிவு செய்திருக்கிறேன். கீழே நூலும் பொத்தானும் விற்கிற கடைகள், மேலே வாடகை அறைகள். லிஃப்ட் சத்தம் அவ்வளவு தெளிவாகக் கேட்டால் அறை அதற்கு அடுத்ததாகத்தான் இருக்கும். சந்தோஷத்தில் என் வாத்து குளத்தைச் சுற்றி மூன்று முறை ஓடியது. மைக்கை அணைத்து வையுங்கள் என்று அந்தப் பன்னிரண்டு வரிகளில் எதிலும் இல்லை. அந்த வரிகளை எழுதியது நான் இல்லையே.

அடுத்த வாரம் தொப்பி போட்ட கரடி ஒன்று வந்தது. அதுதான் அவள் புருஷன். தெருத்தெருவாக, மடிந்த காது முயலைப் பார்த்தீர்களா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். பழைய கணக்கிலும் அவள் அதே காதைத்தான் வைத்திருந்தாளாம். என் அறிவிப்புகள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம்.

"நீங்க பேசினா நின்னுபோன லிஃப்டும் மேல ஏறும்க்கா. எனக்குக் கூடப்பிறந்தவங்க இல்ல. என் பொண்டாட்டிய ஒரே ஒரு தடவ பார்த்து மன்னிப்புக் கேட்டா போதும்."

கேவிக் கேவி அழுதார். குரலில் பொய் இருந்தால் எனக்குத் தெரியாதா, முப்பது வருடத் தொழில் இது. அடிக்கிற கைதான் அணைக்கும். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைச் செய்து வைக்கலாம் என்பார்கள். நான் சொன்னது ஓர் உண்மை. கட்டடம், நான்காம் தளம், லிஃப்டுக்கு அடுத்த அறை.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு அவர் போவதாக ஏற்பாடு. பத்தரைக்கே முயல்குட்டியை மேடைக்கு வரவழைத்துவிட்டேன், வேறெங்கும் போய்விடக் கூடாதே. ஏதேதோ கதை பேசிச் சிரிக்க வைத்தேன். பின்னால் என் குரல், மூக்கடைப்போடு, கதவு திறக்கிறது என்றது. யாருக்கோ ரகசியமாகப் பிறந்தநாள் விழா வைத்திருக்கிற மாதிரி எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கதவு தட்டும் சத்தம் கேட்டது. அவள் மூச்சு நின்றதுகூட எனக்குக் கேட்டது.

"அக்கா, இங்க யாரும் வரமாட்டாங்களே. திறக்கவே மாட்டேன். போலீசக் கூப்பிடவா?"

நான் எச்சரிக்கை சொல்கிற அதே குரலில், நிறுத்தி, தெளிவாகச் சொன்னேன். "பயப்படாதே. நான் இருக்கேன்ல. போய்க் கதவைத் திற."

அவள் திறந்தாள். என் பேச்சைத் தட்டாத பிள்ளை.

நாற்காலி விழுந்தது. அவள் அக்கா என்று இரண்டு முறை கூப்பிட்டாள். நான் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன். புருஷன் பெண்டாட்டி பேசுவதை ஒட்டுக்கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. அந்தரங்கம் என்று ஒன்று இருக்கிறது.

தலையில் பதினேழு தையல், இரண்டு நாள் நினைவில்லை என்று நீங்கள் சொன்னபோது எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. இன்று கண் விழித்துவிட்டாள், பேசத் தொடங்கிவிட்டாள் என்றதும் அந்த அழுகை பறந்தே போய்விட்டது. அவரும் ரொம்பத் தவித்துப்போயிருக்கிறார். காலையில் போன் செய்தார். எங்கே ஒளிந்திருக்கிறார் என்று நான் கேட்கவில்லை, அது அவருடைய சொந்த விஷயம். முதல் தடவை கோபத்தில் சரியாகப் பேச முடியவில்லையாம், இன்னொரு முறை பார்க்க வேண்டுமாம்.

எந்த ஆஸ்பத்திரி என்று உங்களிடம் இரண்டு முறை கேட்டேன், நீங்கள் பிடிகொடுக்கவில்லை. உங்களைக் குறை சொல்லவில்லை, அது உங்கள் கடமை. வாசலில் நிற்கிறதே, உங்களோடு வந்த அந்தப் பெண் காவலர், அது தங்கமான பிள்ளை. தண்ணீர் கொடுக்கப் போனேன். என் குரலைக் கேட்டதும் முகமெல்லாம் சிரிப்பு. எந்த ஆஸ்பத்திரி, எத்தனாவது வார்டு, காவலுக்கு இருப்பவர் எத்தனை மணிக்குச் சாப்பிடப் போவார், எல்லாம் சொல்லிவிட்டது. நீங்கள் போனில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அவருக்கு அனுப்பிவிட்டேன்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள் ஐயா, இந்நேரம் அவர்கள் சேர்ந்திருப்பார்கள்.