இராசமலருடைய செம்பு

இஞ்சியைத் தோலோடு இடித்தால் சாற்றில் மண் மணக்கும். ஜெயசுதனுக்கு முதல் நாளே சொன்னேன். அவன் கேட்கவில்லை.

அவன் என் மருமகன். கனடாவில் வளர்ந்தவன். என் மகள் நிவேதனாவோடு இணுவில் திருவிழாவுக்கு வந்தான். கோயிலுக்குப் போனது ஒரே ஒரு நாள். மற்ற நாளெல்லாம் குசினியில் நின்று குடிவகை கலந்தான். வெள்ளைக்காரருடைய பழைய கலவையாம். தேசிக்காய், இஞ்சி, சோடா. அதை இவன் யாழ்ப்பாணத்துக்கு மாற்றுகிறானாம். பனஞ்சாராயம் விட்டு, ஏலம், கராம்பு, கொத்தமல்லி எல்லாம் இடித்துப் போட்டான்.

"இந்தக் கலவைக்குப் பேர் கழுதை, மாமா," என்றான்.

பேர் பொருத்தம் என்று நினைத்தேன்.

அந்தக் கழுதையைச் செப்புப் பாத்திரத்தில்தான் குடிக்க வேண்டுமாம், குளிர் நிற்குமாம். சுவாமி அறைக்குள் போய் இராசமலருடைய செம்பை எடுத்து வந்தான்.

இராசமலர் என் மனைவி. அதைச் சரியாக எழுதுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. அவள் செத்தபின் அந்தச் செம்பை என்னைத் தவிர ஒருவரும் தொட்டதில்லை. வருசத்தில் ஒரு நாள் கீரிமலைத் தீர்த்தத்துக்குக் கொண்டுபோய் அதில்தான் அவளுக்கு நீர் விடுகிறேன். அதன் விளிம்பை இவன் நக்கினான். பல்லில் ஒட்டிய கொத்தமல்லியை விரலால் தோண்டி உள்ளே உதறினான். பிறகு சாய்மனைக் கதிரையில் நித்திரை. செம்பு அவன் பாதங்களுக்கு நடுவே கிடந்தது. மிச்சச் சாராயத்தில் எறும்பு மிதந்தது.

புளி போட்டு மினுக்கினேன். சாம்பல் போட்டு மினுக்கினேன். மணம் போகவில்லை. மகளிடம் சொன்னேன்.

"செம்புதானே அப்பா. கழுவினாச் சரி."

அவளில் எனக்குக் கோபமில்லை. அங்கே இருந்து பழகிவிட்டாள்.

அடுத்த நாள் மத்தியானம் அவன் உரலை என் பக்கம் தள்ளினான். "நீங்கள் இடியுங்கோ மாமா. உங்கடை கைதான் பதம்."

இடித்தேன். இஞ்சியைக் கழுவி, தோல் சீவி, ஒழுங்காக இடித்தேன். எங்கள் வாசலில் மஞ்சள் அலரி நிற்கிறது. விடிய அதில் பூ ஆய்ந்துதான் சுவாமிக்கு வைக்கிறது. காய் கீழே கொட்டிக் கிடக்கும். அதைத் தின்றால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவனுக்குத் தெரியாது. அதையும் சேர்த்து இடித்தேன்.

ஒரு மிடறு குடித்து முகத்தைச் சுளித்தான். "கசக்குது மாமா. ஆனா நல்ல கசப்பு. அங்கை கனடாவிலை இப்பிடிக் கசப்பைத் தனியாப் போத்திலிலை அடைச்சு விக்கிறாங்கள்."

நிவேதனா கையை நீட்டினாள். அவள் ஒருநாளும் குடித்தவள் அல்ல.

"அப்பா இடிச்சதெல்லே. எனக்கும் தாங்கோ."

நான் எதிரேதான் இருந்தேன். எட்டினால் கை படும் தூரம். தட்டிவிட்டிருக்கலாம். தட்டினால் அவனும் மிச்சத்தைக் குடிக்கமாட்டான். அவள் செம்பை உயர்த்தி, அண்ணாந்து, விளிம்பில் உதடு படாமல் வாய்க்குள் ஊற்றினாள். தாய் பழக்கிய பழக்கம். நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் மிடறும் அப்படியே. ஒரு சொட்டு எச்சில் படவில்லை. எனக்குச் சந்தோசமாக இருந்தது.

அவன் அடுத்த நாள் போனான். அவள் அதற்கு அடுத்த நாள்.

எழுதியதை இரண்டு தரம் வாசித்துக் காட்டுங்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். மற்றவன் எழுத்தை நம்பிக் கையெழுத்து வைக்கமாட்டேன். செம்பைச் சான்றுப் பொருள் என்று எடுத்துப் போனீர்கள். உங்கள் ஆட்களை அதில் வாய் வைக்க விடாதீர்கள். கீரிமலையில் இனி இரண்டு பேருக்கு நீர் விட வேண்டும். அவனுக்கு அவனுடைய ஆட்கள் பார்க்கட்டும். நிவேதனாவுக்குத் தாயுடைய செம்பில்தான் விடுவேன். என் பிள்ளைக்கு நான் ஒரு குறையும் வைத்ததில்லை.