எழுபது வயது நுரையீரல்

பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கு வரும் காலை ஃபெரிப் படகில், எனக்கு முன்னால் ஓர் அக்காவும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"என் நுரையீரலுக்கு எழுபது வயசுன்னு டாக்டர் சொல்லிட்டாருக்கா" என்றார் தம்பி. அவருக்கே நாற்பத்தைந்துதான் இருக்கும்.

"கோவிட் வந்து எத்தன வருஷமாச்சு? இன்னுமா?"

"கிருமி அப்பவே போயிருச்சாம். ஆனா அதுல அடிபட்ட செல்லுங்க கெழடாயிருச்சாம். அதுங்க வேலையும் செய்யாதாம், சாகவும் சாகாதாம். பக்கத்துல உள்ள நல்ல செல்லையும் கெடுக்குமாம். அதான் உள்ள தழும்பா இருக்காம்."

"நம்ம கோயில் கமிட்டி மாதிரின்னு சொல்லு லா."

தம்பி சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்க வெகு நேரம் பிடித்தது.

"தைப்பூசம் வருதேக்கா. பொழச்சு வந்தா மலையேறிக் காவடி எடுக்குறேன்னு ஆஸ்பத்திரியில வேண்டிக்கிட்டேனே."

"யாரு உன்னய அவ்வளவு பெருசா வேண்டச் சொன்னா? கீழ ரோட்டுல தேங்கா ஒடைக்கிறேன்னு வேண்டியிருந்தா அந்த வருஷமே முடிஞ்சிருக்கும்."

"உசுரு போற நேரத்துல தேங்காயா ஞாபகம் வரும்?"

"பாதிப் படியில நீ உக்காந்துட்டா, உன்னயத் தூக்குறதா, காவடியத் தூக்குறதா?"

கரை நெருங்கியதும் எல்லோரும் எழுந்தார்கள். அக்கா தம்பியின் பையையும் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அந்தக் காவடிய நான் எடுக்குறேன். என் நுரையீரலுக்கு அம்பத்திரண்டுதான் ஆவுது. ஆனா இனிமே என்னய அக்கான்னு கூப்பிடாத, சொல்லிட்டேன்."