பலி குடுத்த ராஜா, ஒம்போது எழுத்து

உக்காருங்கோ தர்மராஜ் சார். அவரா? உள்ளே கதவைச் சாத்திண்டு படுத்திருக்கார். உடம்புக்கு ஒண்ணுமில்லை. நேத்திக்கு உங்க ஆபீஸ் கிளப் விழாவுல, மேடையில, சாக்பீஸும் கையுமா பேந்தப் பேந்த முழிச்சுண்டு நின்னாரே, அதுதான். மெதுவா எதுக்குப் பேசணும்? கேக்கட்டுமே.

ஐயோ, நீங்க எதுக்கு மன்னிப்பு கேக்கறேள்? கிளப் காரியதரிசி, கேள்வியை வாசிச்சேள். அவ்வளவுதானே. குறுக்கெழுத்துப் புலின்னு பேர் வாங்கினவர், கிரேக்க புராணத்துல பத்தே பத்து கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாமோ? பதினாலு வருஷமா தினம் இங்கிலீஷ் பேப்பர்ல கட்டம் பூரா ரொப்பிண்டு வந்து உங்களுக்கெல்லாம் காட்டினவராச்சே!

எப்படி ரொப்பினார்னு கேளுங்கோ. கார்த்தால நான் குளிச்சுட்டு மடியா அடுப்படியில தளிகை பண்ணிண்டிருப்பேன். மடியில பேப்பரைத் தொடப்படாது. அவர் நிலைப்படிக்கு அந்தண்டை நாற்காலியைப் போட்டுண்டு வாசிப்பார். குதிங்கால்ல மட்டும் சாவு இருந்த வீரன், இங்கிலீஷ்ல எட்டு எழுத்தும்பார். புளியைக் கரைச்சுண்டே அக்கிலீஸ்னுவேன். நம்ம துரியோதனனுக்குத் தொடை, அவனுக்குக் குதிங்கால். கான்வென்ட்ல ரோசரி டீச்சர் கதை கதையா சொல்லுவா. பதினாறு வயசுல கல்யாணம்னு படிப்பை நிறுத்திட்டா. கதை எங்கே போகும்? ஹெக்டர், யுலிஸிஸ் எல்லாரும் எங்காத்து அடுப்படியிலதான் இருந்தா.

என் பேரை ஒரு நாள் சொல்லியிருப்பாரா? எம் பொண்டாட்டிக்கு பஸ் போர்டு கூட படிக்கத் தெரியாதுன்னு சொல்லி உங்களையெல்லாம் சிரிக்க வச்சாராமே. தெரியும் சார். உங்காத்து மாமியே சொன்னா. அதைக் கூட விட்டேன். பெருமாள் சத்தியமா விட்டேன்.

குமுதவல்லி, எங்க பொண்ணு, ஸ்கூல்லயே முதலா வந்தா. காலேஜ்ல இடம் குடுத்து கடுதாசி வந்திருக்கு. எங்க கண்ணுலயே காட்டாம, பொண்ணை அனுப்ப இஷ்டமில்லைன்னு பதில் போட்டுட்டார், மகானுபாவர். காலேஜ் திறந்து பத்து நாள் கழிச்சு, சட்டையைத் தோய்க்கப் போடறச்சே பையில அந்தக் கடுதாசியும் அவர் போட்ட பதிலோட நகலும் அகப்பட்டது. ஏன்னு கேட்டேன். படிச்ச பொம்மனாட்டி எதிர்த்துப் பேசுவாளாம். குழந்தை ரெண்டு நாள் பச்சைத் தண்ணி பல்லுல படலை. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இந்த மனுஷனை நாலு பேர் முன்னாடி நிக்க வைக்காம விடறதில்லைன்னு.

கடைசிக் கேள்வி ஞாபகம் இருக்கோ? கப்பல் போகக் காத்து வேணும்னு பெத்த பொண்ணையே பலி குடுத்த ராஜா, ஒம்போது எழுத்து. அதுக்குத்தானே ரொம்ப நாழி நின்னார்? இன்னிக்குக் கார்த்தால பூனை மாதிரி வந்து, யாருடி அதுன்னு கேட்டார். கண்ணாடியில போய்ப் பாருங்கோன்னேன். அகமெம்னான் சார் அவன் பேர்.

என்னது, கேள்வியெல்லாம் பேர் போடாத கவர்ல வந்ததா? அவரையே மேடைக்கு ஏத்தணும்னு அதுலயே எழுதியிருந்ததா? யாருன்னு மண்டையை உடைச்சுக்காதேங்கோ. எப்பவும் போல நான் அடுப்படியிலேந்து சொன்னேன். இந்தத் தடவை எழுதினது குமுதா.